மூழ்கிய பாறைகளும் நான்கு சிற்றூர்களும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள ஹன்ட்ஸ்வில்லுக்கு ஊரிலிருந்து விருந்தினர் வந்தால் எங்கள் வட்டாரத் தமிழ்க் குடும்பங்கள் அவர்களுக்குச் சுற்றிக்காட்டும் இடங்களின் வரிசை ஏறக்குறைய மாறாதது. முதலில் ராக்கெட் அருங்காட்சியகம், பிறகு கோயில், விடுமுறை நீண்டதாக இருந்தால் கிழக்கே நான்கைந்து மணி நேரம் காரோட்டி ஸ்மோக்கி மலைத்தொடர். மேற்கே சுமார் 70 மைல் தொலைவில், டென்னசி ஆற்றின் இரு கரைகளிலுமாக ஃப்ளாரன்ஸ், ஷெஃபீல்ட், டஸ்கம்பியா, மசில் ஷோல்ஸ் என்று நான்கு ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு இருப்பதை எடுத்துச் சொன்னால், "அங்கே பருத்திக் காட்டைத் தவிர என்ன இருக்கிறது?" என்ற கேள்விதான் பதிலாக வரும். வழியெங்கும் பருத்திக் காடு இருப்பது உண்மைதான். அக்டோபரில் அது வெடித்து வெளுத்து நிற்பதைப் பார்ப்பதற்காகவே ஒருமுறை போகலாம். ஆனால் சிறு பிள்ளைகளையும் வயதான பெற்றோரையும் ஒரே வண்டியில் ஏற்றிக்கொண்டு போகும் குடும்பத்துக்கு, வடக்கு அலபாமாவில் இதைவிடப் பொருத்தமான பகுதியை நான் பார்த்ததில்லை.

காரணம் எளிமையானது. இங்கே எதற்கும் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. வண்டி நிறுத்த இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பெரும்பாலும் பதினைந்து இருபது நிமிடங்களில் போய்விடலாம். பார்க்கும் பொருள்களும் பிள்ளைகளின் கைக்கும் காலுக்கும் எட்டும் அளவில் இருக்கின்றன. இவற்றையெல்லாம் சுற்றுலாத் துண்டறிக்கையிலேயே படித்துக்கொள்ளலாம். அதில் இல்லாத ஒன்றைச் சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை. ஓர் அணை, கண் தெரியாத ஒரு சிறுமி வளர்ந்த வீடு, ஒரு மனிதர் தன் கையால் அடுக்கிய கல்மதில், உலகப் புகழ்பெற்ற பாடகர்கள் வந்து பாடிவிட்டுப் போன ஒலிப்பதிவுக் கூடங்கள் என்று தொடர்பில்லாமல் சிதறிக் கிடப்பவை போலத் தோன்றும் இந்த இடங்களில் பெரும்பாலானவற்றை ஆற்றுக்குள் இருந்த ஒரே தடை இணைக்கிறது. அந்தத் தடையை இப்போது யாரும் பார்க்க முடியாது. அது தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

டென்னசி ஆறு நாக்ஸ்வில் நகருக்கு அருகே இரண்டு ஆறுகள் கூடுமிடத்தில் தொடங்கி, தென்மேற்காக அலபாமாவுக்குள் இறங்கி, பிறகு மனம் மாறி வடக்கே திரும்பி, 650 மைல் ஓடி, கென்டக்கியில் ஒஹாயோ ஆற்றோடு கலக்கிறது. இந்த நீண்ட பாதையில் அலபாமாவின் வடமேற்கு மூலையில் மட்டும் சுமார் 37 மைல் தூரத்துக்கு ஆற்றின் படுகை பாறையும் மணல்திட்டும் வேகச்சுழலுமாக 130 அடிக்கும் மேல் சரிந்து இறங்கியது. படகுகள் அங்கே வந்து நின்றன. மேலிருந்து வந்த சரக்கு கீழே போக முடியவில்லை. கீழிருந்து வந்தது மேலே ஏற முடியவில்லை. அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே போடப்பட்ட முதல் ரயில் பாதை 1832-ல் டஸ்கம்பியாவில் தொடங்கியதும், இரண்டே ஆண்டுகளில் அது பாறைகளைச் சுற்றிக்கொண்டு டெகேட்டர் வரை நீண்டதும் இதனால்தான். அந்தச் சரிவில் இருந்த ஆற்றல் பின்னாளில் மின்சாரமாக மாறியது. மின்சாரத்தைத் தேடித் தொழிற்சாலைகள் வந்தன. பிள்ளைகளிடம் இந்தக் கதையைக் காரில் போகும்போதே சொல்லிவிட்டால், அங்கே இறங்கிய பிறகு அவர்கள் கேட்கும் கேள்விகளின் தரமே வேறாக இருக்கும்.

ஆகவே, முதலில் வில்சன் அணைக்குப் போவதுதான் முறை. முதல் உலகப்போரின்போது வெடிமருந்துக்கான நைட்ரேட் தயாரிக்க மின்சாரம் தேவைப்பட்டதால் 1918-ல் இதன் கட்டுமானம் தொடங்கியது. அணை முடிந்தது 1924-ல். அதற்குள் போர் முடிந்து ஆறு ஆண்டுகள் ஆகிவிட்டன. கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டு இதை விலைக்குக் கேட்டார். நாடாளுமன்றத்தில் பல ஆண்டுகள் வாதாடிய பிறகு, 1933-ல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் பிறந்தபோது அணை அதன் கைக்குப் போனது. அக்காலத்தில் அமெரிக்கக் கிராமப்புற வீடுகளில் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த அணையைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் 1948-ல் அமைக்கப்பட்ட தாமோதர் பள்ளத்தாக்கு நிறுவனத்துக்கு இந்த ஆணையமே முன்மாதிரி என்பதால், பள்ளிப் புத்தகத்தில் அந்தப் பெயரை மனப்பாடம் செய்த தலைமுறைக்கு இந்த இடம் முற்றிலும் அந்நியமானதும் அல்ல.

அணையின் நீளம் 4,541 அடி. உயரம் 137 அடி. ஆனால் பிள்ளைகளைக் கட்டிப்போடுவது இந்த எண்கள் அல்ல, அணையின் ஓரத்தில் சரக்குத் தோணிகளை ஏற்றி இறக்கும் 'லாக்' என்ற நீர்த்தொட்டிதான். 600 அடி நீளமும் 110 அடி அகலமும் கொண்ட அந்தக் கான்கிரீட் தொட்டிக்குள், கயிற்றால் பிணைத்த தோணிகளைத் தள்ளிக்கொண்டு ஓர் இழுவைப் படகு நுழைகிறது. பின்னால் கதவு மூடுகிறது. தொட்டிக்குள் தண்ணீர் நிறையத் தொடங்குகிறது. அலையோ இரைச்சலோ பெரிதாக இல்லை. சுவரில் பாசி படிந்த கோடுகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பார்த்துத்தான் தோணி மேலே வந்துகொண்டிருக்கிறது என்று தெரிகிறது. 90 அடிக்கும் மேல் உயர்ந்த பிறகு, அடியாழத்தில் தொப்பி மட்டுமே தெரிந்த படகோட்டி நம் கண் மட்டத்துக்கு வந்து கையசைத்துவிட்டுப் போகிறார்.

என் அம்மா திருநெல்வேலியிலிருந்து வந்திருந்தபோது இதைக் கடைசிவரை நின்று பார்த்தார். "எத்தனை மோட்டார் வச்சு இம்புட்டுத் தண்ணியையும் ஏத்துதாங்க?" என்று அவர் கேட்டதற்கு, பள்ளியில் அந்த வாரம்தான் இதைப் படித்திருந்த என் மகள், "மோட்டாரே கிடையாது ஆச்சி. மேலே இருக்கிற தண்ணி தானா உள்ளே வருது, தானா கீழே போகுது" என்றாள். ஆச்சி அதை உடனே நம்பவில்லை. மதகு, மடை, வாய்க்கால் என்று தண்ணீரோடு வாழ்ந்தவர் என்பதால், கீழ்க்கதவு திறந்து தண்ணீர் வெளியேறும் திசையைத் தானே பார்த்து உறுதி செய்துகொண்டுதான் நகர்ந்தார். தோணிகள் வருவதற்குக் குறித்த நேரம் என்று எதுவும் இல்லை. காத்திருக்கும் பொறுமை வேண்டும். பார்வையாளர் பகுதி திறந்திருக்கும் நேரத்தையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது.

காத்திருக்க முடியாதவர்களுக்கு அணையின் தென்கரையில் ஆணையத்துக்குச் சொந்தமான காட்டுக்குள் நல்ல நடைபாதைகள் உண்டு. ஒரு பகுதி தார் போட்டது என்பதால் தள்ளுவண்டிக் குழந்தையும் மூட்டுவலிக்காரரும் சேர்ந்தே போகலாம். கீழே ஆற்றங்கரையில் தூண்டில் போடுபவர்களோடு பேச்சுக் கொடுத்தால் கெளுத்தி மீனைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். அணை வருவதற்கு முன் இந்தப் பாறைப்படுகையில் சுமார் 70 வகை நன்னீர்ச் சிப்பிகள் வாழ்ந்தன. உலகிலேயே இவ்வளவு வகைகள் ஒரே இடத்தில் இருந்த ஆறுகள் மிகக் குறைவு. ஓடும் தண்ணீர் தேங்கும் தண்ணீரானதும் அவற்றில் பல போய்விட்டன. மின்சாரத்தின் கதையைச் சொல்லும் பலகைகள் இதையும் அதே அளவு எழுத்தில் சொல்லியிருக்கலாம் என்பது என் குறை.

தென்கரையிலிருந்து சில நிமிடங்கள் தெற்கே வந்தால் டஸ்கம்பியா. ஹெலன் கெல்லர் 1880 ஜூன் 27 அன்று பிறந்த 'ஐவி க்ரீன்' என்ற வீடு இங்கேதான் இருக்கிறது. அவருடைய பாட்டனார் 1820-ல் கட்டிய வெள்ளை மரவீடு அது. பக்கத்திலேயே ஹெலன் பிறந்த சிறு குடில். பத்தொன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் பார்வையும் செவியும் போன அந்தச் சிறுமிக்கு ஆசிரியையாக ஆன் சல்லிவன் 1887 மார்ச் மாதம் இங்கே வந்து சேர்ந்தார். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, வீட்டின் பின்புறத்துக் கைப்பம்பில் ஒரு கையில் தண்ணீர் விழ, மறு கையில் ஆசிரியை எழுத்தெழுத்தாக அந்தச் சொல்லை எழுதிக் காட்ட, பொருளுக்குப் பெயர் உண்டு என்பது ஹெலனுக்குப் புரிந்தது. அந்தப் பம்பு இன்னும் அங்கேயே நிற்கிறது. இந்தக் கதையைப் பள்ளியில் படிக்காதவர் நம்மில் குறைவு. ஆனாலும் நேரில் பார்க்கும்போது, இடுப்பளவுகூட வராத அந்த இரும்புக் குழாயின் சிறுமை கொஞ்சம் திடுக்கிட வைக்கிறது.

வீட்டுக்குள் அவருடைய பிரெய்ல் புத்தகங்களும் தட்டச்சுப் பொறியும் கடிதங்களும் இருக்கின்றன. பிள்ளைகள் இவற்றில் அதிக நேரம் நிற்க மாட்டார்கள். அவர்களை வற்புறுத்தவும் வேண்டாம். நாங்கள் செய்த ஒரு காரியம் பலன் தந்தது. புறப்படும் முன்பே கைவிரல் எழுத்துகளை அச்சடித்துக்கொண்டு போய், கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவர் உள்ளங்கையில் மற்றவர் எழுதி, என்ன சொல் என்று கண்டுபிடிக்கும் விளையாட்டைத் தோட்டத்து மரத்தடியில் உட்கார்ந்து விளையாடினோம். மூன்றெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்கவே என் மகனுக்கு எவ்வளவு நேரம் ஆனது என்றால், "அவங்க எப்படிப்பா காலேஜ் முடிச்சாங்க?" என்று அவனாகவே கேட்டான். வழிகாட்டியின் விளக்கம் எதுவும் அந்தக் கேள்வியை எழுப்பியிருக்காது. கோடைக்காலத்தில் வீட்டின் பின்வெளியிலேயே இந்தக் கதையை நாடகமாக நடத்துகிறார்கள். அந்தக் கைப்பம்பு காட்சிக்காகவே பல ஊர்களிலிருந்து கூட்டம் வருகிறது. 1955-ல் ஹெலன் கெல்லர் இந்தியாவுக்கும் வந்து பார்வையற்றோருக்கான பணிகளைப் பார்வையிட்டார் என்பதை என் அம்மாவிடம் சொன்னபோது, அப்போது தனக்கு என்ன வயது என்று அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.

ஒன்றைச் சொல்லாமல் விடக் கூடாது. அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன் இந்தக் குடும்பம் அடிமைகளை வைத்திருந்த குடும்பம். ஹெலனின் தந்தை தென்மாநிலப் படையில் கேப்டனாக இருந்தவர். இந்தப் பகுதியின் பழைய மாளிகை எதற்குப் போனாலும், சமையல் கட்டு ஏன் தனியாக இருக்கிறது, அதில் யார் வேலை செய்தார்கள் என்று பிள்ளைகளைக் கேட்க வைப்பது பெற்றோரின் வேலை. வழிகாட்டிகள் எல்லோரும் அதைத் தாமாகச் சொல்வதில்லை.

டஸ்கம்பியாவின் ஊர்நடுவே உள்ள ஸ்ப்ரிங் பார்க் என்ற பூங்கா, சின்னக் குழந்தைகள் இருந்தால் பாதி நாளை விழுங்கிவிடும். பெரிய ஊற்று ஒன்றும், அதன் கரையில் செயற்கையாக அமைத்த 48 அடி அருவியும், சிறு ரயிலும், குடை ராட்டினமும் இருக்கின்றன. இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாத இடம் அது. ஆனால் அங்கே ஒரு நினைவுச்சிலை இருக்கிறது. அதைக் கவனிக்காமல் வந்துவிடக் கூடாது. 1830-களில் செரோக்கி, க்ரீக் முதலிய பூர்வகுடி மக்களை அரசு அவர்களுடைய நிலத்திலிருந்து பெயர்த்து மேற்கே ஓட்டியபோது, ஆற்றில் பாறைகள் குறுக்கிட்டதால், படகில் வந்தவர்களில் சில கூட்டத்தாரை டெகேட்டரில் இறக்கி, நான் மேலே சொன்ன அதே ரயிலில் ஏற்றி, டஸ்கம்பியா துறையில் மறுபடியும் படகில் ஏற்றினார்கள். சரக்குக்காகப் போட்ட பாதையில் மனிதர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் 'ஓகா கபாசா' என்ற விழாவுக்குப் பூர்வகுடிக் கலைஞர்கள் இந்த ஊருக்குத் திரும்பி வந்து, ஆட்டமும் குழலிசையும் கைவினையுமாகத் தங்கள் மரபைக் காட்டுகிறார்கள். பிள்ளைகளோடு போகத் தேதி பார்த்துத் திட்டமிட வேண்டுமானால் அந்த வாரயிறுதியைத்தான் நான் சொல்வேன்.

அந்தத் துரத்தலுக்குச் சாட்சியாக ஆற்றின் வடகரையில், நாச்செஸ் ட்ரேஸ் சாலைக்கு மிக அருகே, ஒரு கல்மதில் இருக்கிறது. டெலாநே என்ற யூச்சி இனச் சிறுமியை மேற்கே கொண்டுபோய் விட்டார்கள். அங்கே இருந்த ஆறுகள் தன்னுடைய ஆற்றைப் போலப் பாடவில்லை என்று சொல்லி, ஐந்து ஆண்டுகள் நடந்து அவள் திரும்பி வந்தாள் என்பது அந்தக் குடும்பத்தின் வாய்மொழி வரலாறு. அவளுடைய கொள்ளுப்பேரனின் மகனான டாம் ஹென்ட்ரிக்ஸ், அவள் நடந்த ஒவ்வோர் அடிக்கும் ஒரு கல் என்ற கணக்கில், சாந்து பூசாமல், கல்லின் மேல் கல்லாக முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அடுக்கினார். 2017-ல் அவர் இறந்தார். மதில் மொத்தம் ஒரு மைலுக்கும் மேல் நீளும். அவள் போனதற்கு ஒரு பக்கம், திரும்பி வந்ததற்கு மறு பக்கம். கட்டணம் கிடையாது.

இந்த மதிலைப் பார்த்துப் பழக வேண்டும். முதலில் அது தோட்டத்து வேலி அளவுக்குத்தான் தோன்றும். பத்து நிமிடம் நடந்த பிறகுதான் கல்லுக்குக் கல் நிறமும் உருவமும் வேறுபடுவதும், சில கற்களில் புதைபடிவங்கள் இருப்பதும், உலகின் பல நாடுகளிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த கற்கள் நடுவே கலந்திருப்பதும் தெரியத் தொடங்கும். வளைவுகளில் உட்கார்வதற்குக் கல் இருக்கைகள் உண்டு. சாந்து இல்லாமல் நிற்கும் கட்டுமானம் என்பதால் பிள்ளைகள் மேலே ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தொட்டுப் பார்ப்பதில் தவறில்லை. என் மகள் தன் காலடிகளை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நடந்தவள், சில நூறுகளுக்குப் பிறகு எண்ணுவதை விட்டுவிட்டாள். ஒரு மனிதர் தன் கொள்ளுப்பாட்டியின் தாய்க்காக இத்தனை கல் சுமந்தார் என்பது, முன்னோர் பெயரை மூன்று தலைமுறைக்கு மேல் சொல்லத் தெரியாத எனக்குக் கொஞ்சம் கூச்சத்தையும் தந்தது.

நாச்செஸ் ட்ரேஸ் என்பது மிசிசிப்பியின் நாச்செஸிலிருந்து நாஷ்வில் வரை 444 மைல் நீளும் தேசியப் பூங்காச் சாலை. லாரிகளுக்கும் விளம்பரப் பலகைகளுக்கும் அங்கே இடமில்லை; வேகமும் மணிக்கு 50 மைலைத் தாண்டக் கூடாது. பழைய காலத்தில் காட்டெருமையும் பூர்வகுடிகளும் நடந்த தடத்தை ஒட்டிச் செல்லும் இந்தச் சாலை, அலபாமாவுக்குள் 33 மைல் மட்டும் ஓடி, ஏறக்குறைய ஒரு மைல் நீளப் பாலத்தில் டென்னசி ஆற்றைக் கடக்கிறது. பாலத்தின் தென்முனையில், சிக்கசா இனத் தலைவர் ஜார்ஜ் கோல்பெர்ட் ஓடத்துறை நடத்திய இடம் இருக்கிறது. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஆண்ட்ரூ ஜாக்சனின் படையை அக்கரை சேர்க்க அவர் 75,000 டாலர் வாங்கினார் என்று ஒரு கதை உலவுகிறது. அந்தக் காலத்து 75,000 டாலரை ஓடக்கூலியாக எந்த அரசும் கொடுத்திருக்காது என்பது என் கணிப்பு. ஆனால் கதையைக் கேட்டதும் பிள்ளைகள் கோல்பெர்ட்டின் பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். வடகரையில் ராக் ஸ்ப்ரிங் என்ற சிறு நடைபாதை ஓடையைப் படிக்கற்கள் வழியாகக் கடக்கிறது. செப்டம்பரில் அங்கே மஞ்சள் பூக்களைத் தேடித் தேன்சிட்டையும்விடச் சிறிய ஹம்மிங் பறவைகள் வருகின்றன. மாற்று உடை எடுத்துக்கொண்டு போவது நல்லது, ஏனென்றால் படிக்கல் இருக்கும் இடத்தில் வழுக்கி விழாத பிள்ளை இல்லை.

இனி இசை. இந்தச் சிற்றூர்களின் பெயரை உலகம் அறிந்தது இதனால்தான். ஃப்ளாரன்ஸில் 1873-ல் ஒரு மரக்கட்டைக் குடிசையில் பிறந்த டபிள்யூ. சி. ஹேண்டியை 'ப்ளூஸ் இசையின் தந்தை' என்கிறார்கள். மதபோதகரான தந்தைக்குப் பாட்டும் வாத்தியமும் பாவமாகத் தெரிந்தன. பையன் சேமித்த காசில் வாங்கி வந்த கித்தாரைக் கடையில் திருப்பிக் கொடுத்து அகராதி வாங்கி வரச் சொன்னார். எஞ்சினியரிங்குக்கு விண்ணப்பம் வாங்கி வந்த எந்தத் தமிழ்த் தகப்பனுக்கும் இந்த இடம் சுருக்கென்று தைக்கும். அந்தக் குடிசையும், அவர் இசையமைத்த பியானோவும் இன்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜூலையில் அவர் பெயரால் நடக்கும் இசைவிழாவில், தெருமுனை, உணவகம், பூங்கா என்று ஊர் முழுக்க வாசிப்பு நடக்கிறது. பெரும்பாலானவற்றுக்குக் கட்டணம் இல்லை.

அடுத்த அத்தியாயம் 1960-களில். ரிக் ஹால் என்பவர் நிறுவிய ஃபேம் ஸ்டுடியோ, மசில் ஷோல்ஸ் ஊரில் இன்றும் இயங்குகிறது. 1967-ல் அரீதா ஃப்ராங்க்ளின் தன் பாதையை மாற்றிய பாட்டைப் பதிவு செய்தது இங்கேதான். அங்கே வாசித்துக்கொண்டிருந்த நான்கு இளைஞர்கள் 1969-ல் பிரிந்து போய், ஷெஃபீல்டில் ஒரு காலத்தில் சவப்பெட்டி விற்ற சிறு கட்டடத்தில் தங்கள் சொந்தக் கூடத்தைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அங்கே வந்து மூன்று பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டுப் போனது. வெளியிலிருந்து பார்த்தால் பூட்டிக் கிடக்கும் கிடங்கு என்று நினைத்துக் கடந்து போய்விடுவோம். உள்ளே பழைய இசைக்கருவிகளும், ஒலியை அடக்கச் சுவரில் அடித்த துணியும், நெருக்கமான அறைகளுமாக அக்காலத்து நிலைக்கே மீட்டு வைத்திருக்கிறார்கள். இனப்பிரிவினை சட்டமாக இருந்த மாநிலத்தில், கறுப்பினப் பாடகர்களும் வெள்ளையின வாத்தியக்காரர்களும் ஒரே சிற்றறையில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். பாட்டைக் கேட்டு வாசித்தவர்களும் கறுப்பினத்தவர் என்று நினைத்து வந்தவர்கள் இவர்களைப் பார்த்து வியந்திருக்கிறார்கள்.

ஏன் இந்த ஊரில் என்று கேட்டால், யூச்சி மக்கள் சொன்ன பாடும் ஆற்றைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். அழகான விடைதான், ஆனால் எனக்கு நிறைவில்லை. ரிக் ஹால் ஒரு காலத்தில் வேலை பார்த்தது இங்கிருந்த ரெனால்ட்ஸ் அலுமினியத் தொழிற்சாலையில். அந்தத் தொழிற்சாலை 1940-களில் இங்கே வந்ததற்குக் காரணம் அணையின் மலிவான மின்சாரம். பர்சி ஸ்லெட்ஜ் தன் முதல் பாட்டால் நாடெங்கும் முதலிடம் பிடித்த 1966 வரை இங்குள்ள மருத்துவமனையில் நோயாளிகளைத் தூக்கி இறக்கும் பணியாளராக இருந்தார். சம்பளம் உள்ள வேலை, மாலையில் மிஞ்சும் நேரம், பெருநகரம் தொலைவில் இருப்பதால் வேறு போக்கிடம் இல்லாத இளைஞர்கள், மது விற்பனைக்குத் தடை இருந்த ஊர்கள் என்று பூமிக்கு மேலேயே போதுமான காரணங்கள் இருக்கின்றன. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இந்த இரண்டு கூடங்களில் ஒன்று போதும். அதைவிட டஸ்கம்பியாவில் உள்ள அலபாமா இசை அருங்காட்சியகத்தில் நிறுத்தியிருக்கும் இசைக்குழுப் பேருந்துக்குள் ஏறி, அடுக்குப் படுக்கைகளைப் பார்ப்பதைத்தான் அவர்கள் விரும்புவார்கள்.

ஃப்ளாரன்ஸில் இன்னும் இரண்டு. கட்டடக் கலைஞர் ஃப்ராங்க் லாய்ட் ரைட் 1939-ல் ரோசன்பாம் என்ற இளந்தம்பதிக்காக வடிவமைத்த வீடு, அலபாமாவில் அவர் கட்டிய ஒரே கட்டடம். நான்கு ஆண்பிள்ளைகள் பிறந்ததும் 1948-ல் அதை விரிவுபடுத்தவும் அவரையே கேட்டார்கள். தாழ்ந்த கூரையும் சைப்ரஸ் மரச்சுவர்களும் எனக்குப் பிடிக்கும். எதையும் தொடக் கூடாத வீடு என்பதால் சிறு பிள்ளைகளுக்குப் பிடிக்காது. அருகே ஆற்றோரம் பூர்வகுடிகள் மண் சுமந்து எழுப்பிய 43 அடி உயர மேடும் அதன் அருங்காட்சியகமும் அவர்களுக்கு ஏற்றவை. மேட்டின் உச்சிக்குப் படிகள் இருக்கின்றன.

காடும் பாறையும் வேண்டுவோர் டஸ்கம்பியாவுக்குத் தென்மேற்கே உள்ள கேன் க்ரீக் கேன்யனுக்குப் போகலாம். ஒரு தம்பதி நிலத்தை வாங்கிச் சேர்த்துப் பாதுகாப்பு வனமாக்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்ட இடம் அது. நுழைவாயிலிலிருந்து சிறிது தூரத்திலேயே அருவி விழும் பாறைக்குடை உண்டு. முழுச்சுற்றும் நடக்க வேண்டியதில்லை. ஃப்ளாரன்ஸிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத் தொலைவில் டிஸ்மல்ஸ் கேன்யன். பகலில் அது குளிர்ந்த பாறைப் பள்ளம். இரவில் வழிகாட்டியோடு இறங்கினால், பாசி படிந்த சுவரில் நீலப்பச்சைப் புள்ளிகள் ஒளிர்வதைக் காணலாம். ஒருவகைச் சிற்றீயின் புழுக்கள் பூச்சிகளைக் கவர்ந்து பிடிப்பதற்காக விடும் ஒளி அது. இருட்டில் கைவிளக்கு இல்லாமல் நிற்க வேண்டும் என்பதால், இருளுக்குப் பயப்படும் குழந்தையை அழைத்துப் போவதற்கு முன் வீட்டிலேயே கேட்டுவிடுங்கள்.

விசித்திரம் பிடிக்கும் குடும்பங்களுக்கு இன்னோர் இடம் உண்டு: ரக்கூன் வேட்டை நாய்களுக்கு மட்டுமேயான இடுகாடு. 1937-ல் ஒருவர் தன் ட்ரூப் என்ற நாயைத் தாங்கள் வேட்டைக்குக் கூடும் இடத்தில் புதைத்தார். இப்போது 300-க்கும் மேற்பட்ட நாய்கள் அங்கே இருக்கின்றன. வேறு இன நாய்க்கு இடமில்லை. கல்லிலும் மரத்திலும் தகரத்திலும் எழுதியிருக்கும் வாசகங்களைப் படித்துக்கொண்டே போனால் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். செப்டம்பர் முதல் திங்கள்கிழமை அங்கே பாட்டும் ஆட்டமும் பொய் சொல்லும் போட்டியும் நடக்கும்.

சாப்பாட்டைப் பற்றி நேர்மையாகச் சொல்ல வேண்டும். இது புகையில் வாட்டிய பன்றிக்கும், கோழிக்கு மயோனைசும் வினிகரும் கலந்த வெள்ளைச் சாறு ஊற்றுவதற்கும் பெயர்போன பகுதி. சைவக்காரர்கள் பொரித்த வெண்டைக்காயையும் சோள ரொட்டியையும் நம்பலாம். கீரையையும் அவரை விதையையும் கேட்காமல் வாங்க வேண்டாம், ஏனென்றால் அவற்றில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு இருக்கும். சோளக்குருணையில் செய்யும் 'க்ரிட்ஸ்' தண்ணீர் கூடிப்போன ரவை உப்புமாவைப் போன்றது. ஊறுகாய் கைவசம் இருந்தால் சமாளிக்கலாம். ஃப்ளாரன்ஸில் 1918 முதல் நடக்கும் ட்ரோபிரிட்ஜ்ஸ் கடையின் ஆரஞ்சு–அன்னாசி ஐஸ்கிரீமில் மட்டும் எந்தத் தரப்புக்கும் கருத்து வேறுபாடு எழுந்ததில்லை.

ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் புழுக்கமும் சென்னையை ஒத்திருக்கும் என்பதால் காட்டுப்பாதைகளை அப்போது தவிர்க்கலாம். எந்தக் கோடையில் போனாலும் திரும்பியதும் பிள்ளைகளின் கால்மடிப்பிலும் காதுக்குப் பின்னாலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏப்ரலில் காடு பூக்கும், ஆனால் சூறாவளி எச்சரிக்கையையும் கவனிக்க வேண்டிய மாதம் அது. அக்டோபரும் நவம்பர் முதற்பாதியும் எல்லா வகையிலும் சிறந்தவை. குளிர்காலத்தில் போகிறவர்கள் திரும்பும் வழியில் டெகேட்டரில் உள்ள வீலர் வனவிலங்குக் காப்பகத்தில் நிற்கலாம். ஆயிரக்கணக்கில் வந்திறங்கும் சாண்ட்ஹில் கொக்குகளை, கண்ணாடிச் சுவர் வைத்த கட்டடத்துக்குள் உட்கார்ந்தே பார்க்கலாம் என்பதால், குளிருக்கு அஞ்சும் ஆச்சிகளையும் துணிந்து அழைத்துப் போகலாம். ஜனவரியில் கொக்குகளுக்கென்று ஒரு விழாவும் அங்கே உண்டு. அந்த வாரயிறுதியில் மட்டும் வண்டி நிறுத்தக் கொஞ்சம் முன்னதாகப் போய்விட வேண்டும்.